சிலந்திப்பேனைக் கட்டுப்படுத்த இலைச்சாறு

மும்பை மாநகரின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் விற்பனையாகும் வெண்டை, கத்தரி, அவரை முதலிய காய்களில் ஒரு பகுதி அண்டை மாவட்டங்களான தாணே, பால்கர், இராய்கட் ஆகியவற்றின் வயல்களிலிருந்து வருவதாகும். மழைக்காலம் முடிந்து, நெல் அறுவடையும் ஆன பின்னர், பாசன வசதியுள்ள நிலங்களில் இக்காய்கறிகள் பயிரிடப்படுகின்றன. அக்டோபர் வெப்பம் தொடங்கியது முதல் அடுத்த பருவமழை வரும் வரையுள்ள உலர்ந்த மாதங்களில் இப்பயிர்களுக்கு ஒரு சிறிய எதிரி தோன்றுகிறது. இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் முதலில் காணப்படும். பின்னர் இலை மஞ்சளித்து, செம்பழுப்பாகி, உதிரும். இலையைப் புரட்டிப் பார்த்தால் மெல்லிய நூலாம்படையும், அதனூடே நகரும் புள்ளி போன்ற உயிர்களும் தென்படும். இதுவே சிலந்திப்பேன். செம்பேன் என்றும் இதை வழங்குவர்.

இப்பேன் வயலோடு நிற்பதில்லை. தாராவியின் குறுகிய சந்துகளில் வீட்டு வாசலில் தகர டப்பாக்களில் வளர்க்கப்படும் ரோஜாவையும், செம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பந்தலேற்றிய அவரையையும் இது தாக்குகிறது. ஆதலின் வயலில் பணிபுரியும் விரிவாக்க ஊழியரும், வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியரும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டிய உயிர் இது.

இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கின்றன. வேப்பிலையை அரைத்துத் தெளித்தால் எல்லாம் ஒழிந்துவிடும் என்பார் ஒரு சாரார். இலைச்சாறு வெறும் கைவைத்தியம், மருந்துக் கடையில் வாங்கித் தெளிப்பதே வழி என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் அளந்து பார்த்துச் சொல்வதில்லை. இலைச்சாறு பயன் தருவது உண்மை. ஆனால் எந்தப் பேனுக்கு, எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் என்பவற்றை எண்ணிக் கணக்கிட்டாலன்றி, அப்பயன் சாற்றால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்று துணிய இயலாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேனின் இயல்பு

சிலந்திப்பேன் பூச்சியன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்கள் உண்டு. இதற்கோ, முதிர்ந்த நிலையில், சிலந்தியைப் போல எட்டுக் கால்கள். முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பேனுக்கு மட்டும் ஆறு கால்கள் இருக்கும். முதிர்ந்த பெண் பேனின் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். காய்கறிகளைத் தாக்குபவற்றுள் உலகெங்கும் பெயர்பெற்றது இரு புள்ளிச் சிலந்திப்பேன் ஆகும். இதன் விஞ்ஞானப் பெயர் டெட்ரானிக்கஸ் அர்ட்டிகே என்பது. 1,100க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இது வாழ வல்லது.

இதன் வாய் ஊசி போன்றது. இலையின் அடிப்பரப்பில் அமர்ந்து ஒவ்வொரு உயிரணுவாகக் குத்தி அதன் பச்சையத்தையும் பிற உட்பொருள்களையும் உறிஞ்சிவிடுகிறது. வெறுமையான உயிரணுக்களே மேலே வெண்புள்ளிகளாகத் தெரிகின்றன. இலையின் உணவு தயாரிக்கும் ஆற்றல் குன்றுவதால் காய்ப்பும் குன்றுகிறது.

இதன் பெருக்கம் வியக்கத்தக்கது. வெப்பநிலை 30 டிகிரி செண்டிகிரேடு அளவில் இருக்குமாயின், முட்டையொன்று முதிர்ந்த பேனாவதற்கு ஏறத்தாழ 8 நாட்களே போதும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறளவு முட்டைகள் இடும். ஆணுடன் கூடாத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து ஆண் பேன்கள் மட்டுமே தோன்றும். ஆகவே ஒரே ஒரு பெண் பேன் காற்றில் மிதந்து வந்து ஒரு செடியில் வீழ்ந்தாலும் அங்கே ஒரு குடியிருப்பு ஏற்பட்டுவிடலாம். வெப்பமும் வறட்சியும் இதற்கு உகந்தவை. கனமழை இதைக் கழுவிச் செல்லும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதன் தொல்லை குறைந்திருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இதைக் கண்டறிய நுண்பெருக்கி வேண்டுவதில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையை இரண்டு மூன்று முறை தட்டினால், தாளில் வீழும் புள்ளிகளுள் சில மெல்ல நகரக் காணலாம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு இருந்தால் முட்டைகளையும் உருண்டையான முத்துக்களாகக் காணலாம்.

இரசாயன மருந்துகளின் அனுபவம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. முதலிய மருந்துகள் பரவியபோது, பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் எதிர்பாராத விளைவொன்று காணப்பட்டது. பூச்சிகள் குறைந்தன, பேன்களோ பெருகின. காரணம் பின்னர் விளங்கியது. சிலந்திப்பேனைத் தின்று வாழும் வேறு பேன்கள் உண்டு. ஸ்டெத்தோரஸ் எனப்படும் சிறு கரும்பொறி வண்டும் உண்டு. பரந்துபட்ட பூச்சிக்கொல்லிகள் இந்நண்பர்களை முதலில் அழித்துவிடுகின்றன. தின்னும் உயிர் மறைந்தபின், தின்னப்படும் உயிர் தடையின்றிப் பெருகுகிறது. பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தெளித்தபின்னும் இதே நிலை பல இடங்களில் ஏற்பட்டது. எனவே, காய்ப்புழுவுக்காகத் தெளித்த மருந்தே பேனை வரவழைப்பதும் உண்டு.

பேன்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட பேன்கொல்லிகள் பல உள்ளன. அவை பயனுள்ளவையே. ஆனால் விரைவாகத் தலைமுறை மாறும் உயிரில், மருந்தைத் தாங்கும் திறனும் விரைவாகத் தோன்றுகிறது. இரு புள்ளிச் சிலந்திப்பேனில் 90க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களைத் தாங்கும் திறன் உலகின் பல பாகங்களில் பதிவாகியிருக்கிறது. 2011இல் இப்பேனின் முழு மரபுத்தொகுதி வரிசைப்படுத்தப்பட்டபோது, நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் பணிக்குரிய மரபணுக்கள் இதனிடம் மிகுதியாக இருப்பது புலப்பட்டது.

வெண்டைக்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. காய்ப்புப் பருவத்தில் வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், இல்லையேல் முற்றிவிடும். மருந்து தெளித்தபின் குறிப்பிட்ட நாட்கள் பறிக்கலாகாது என்னும் விதியை இத்தகைய பயிரில் கடைப்பிடிப்பது கடினம். காயை வாங்கி உண்பவர் பயிரிட்டவரை அறியார், தெளித்த நாளையும் அறியார். ஆகையால் எஞ்சும் நஞ்சு குறைவான, உழவனின் கைக்கெட்டிய ஒரு முறை தேவைப்படுகிறது. இலைச்சாற்றின் மீது கவனம் திரும்புவதற்கு இதுவே தலையாய காரணம்.

வேம்பும் அதன் கசப்பும்

இலைச்சாறுகளுள் வேம்பே மிகவும் ஆராயப்பட்டது. 1942இல் சலீமுசமான் சித்திகி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1962இல் புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். பிரதானும் அவருடைய தோழர்களும், வேப்பங்கொட்டைப் பருப்பை நீரில் கலந்து தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் உண்ணாது விலகுவதை வெளியிட்டனர். பசியுற்ற வெட்டுக்கிளியும் தொட மறுத்த பொருள் யாது என்னும் ஆய்வு தொடர்ந்தது. 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் ஆகிய இருவர் வேப்ப விதையிலிருந்து அஸாடிராக்டின் என்னும் பொருளைத் தனிப்படுத்தினர்.

இவ்வாராய்ச்சியில் மும்பையோடு தொடர்புடைய தமிழறிஞர் ஒருவரும் பங்கு கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பின் மும்பை கோரேகானில் சீபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, பிற்காலத்தில் சென்னையில் வேப்பங்கொட்டையின் கூறுகளைப் பிரித்தறியும் பணியில் ஈடுபட்டார். அஸாடிராக்டினின் இனத்தைச் சேர்ந்த புதிய பொருள்கள் 1992இல் அவருடைய குழுவினரால் வெளியிடப்பட்டன.

இவ்வரலாற்றில் ஊழியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேற்கூறிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் விதையையும் எண்ணெயையும் பற்றியவை, இலையைப் பற்றியவை அல்ல. அஸாடிராக்டின் விதைப் பருப்பிலேயே செறிந்துள்ளது. இலையில் அது மிகக் குறைவு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை போன்றவை யூரியாவின் மேல் பூசுவதும் விதையிலிருந்து எடுத்த எண்ணெயையே. நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் இப்பூச்சு 2015இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே வேம்பின் புகழ் முழுவதையும் வேப்பிலையின் கணக்கில் எழுதுவது பிழையாகும்.

அங்ஙனமாயின் இலை பயனற்றதா? அன்று. இலையிலும் பல கசப்புப் பொருள்கள் உள்ளன. அவற்றின் சாறு படிந்த இலைப்பரப்பில் பேன்கள் அமரத் தயங்குகின்றன, குறைவாக உண்கின்றன, குறைவாக முட்டையிடுகின்றன. இது உடனே கொல்லும் நஞ்சன்று, பெருக்கத்தின் வேகத்தைக் குறைக்கும் தடையாகும். மருந்து தெளித்த மறுநாளே பேன்கள் மடிந்து கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். வாரத்துக்கொருமுறை எண்ணிப் பார்ப்பவரே இதன் பயனைக் காண்பார்.

விதையை விட இலைக்குள்ள ஒரே பெரிய வசதி அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைப்பதாகும். கோடையின் இறுதியிலும் மழைத் தொடக்கத்திலும் உதிரும் வேப்பம்பழங்களைச் சேகரித்து, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்குகளில் வைத்தாலன்றி விதை கெட்டுவிடும். கடற்கரை மாவட்டங்களின் மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பற்றுவது எளிது. சேமித்து வைக்க இயலாதவருக்கு இலையே துணை.

பேன் இருக்குமிடம் அறிதல்

ஒரே சாறு எல்லாப் பேன்களுக்கும் ஒரே விதமாகப் பயன்படாது. இதற்குத் தென்னை ஒரு சிறந்த சான்று. 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் தென்னை ஈரியோபைட் பேன் கண்டுபிடிக்கப்பட்டது. 1965இல் மெக்சிகோ நாட்டின் குவரேரோ மாநிலத்துக் காய்களிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்ட இப்பேன், கேரளத்தில் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் பரவி, தென்னை விவசாயிகளைக் கலங்கச் செய்தது. தோலில் பழுப்பு நிற வடுக்களும் வெடிப்புகளும் கொண்டு சிறுத்த தேங்காய்கள் சந்தைகளில் தோன்றலாயின.

இப்பேன் இலையில் வாழ்வதில்லை. இளங்காயின் தொப்பி போன்ற புல்லிவட்டத்தின் அடியில் மறைந்து வாழ்கிறது. மேலே தெளிக்கும் எதுவும் அங்கே புகுவது அரிது. எனவே காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெறும் இலைச்சாற்றை நம்பவில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டின் சாறு, 5 கிராம் சோப்பு ஆகியவற்றைக் கலந்த பால்மத்தை, இளங்குலைகளின் மேல், புல்லிவட்டப் பகுதி நன்கு நனையுமாறு தெளிக்கப் பரிந்துரைத்தது. அஸாடிராக்டின் உள்ள தயாரிப்பை வேர் வழியாகச் செலுத்தும் முறையும் வகுக்கப்பட்டது. பேன் எங்கே ஒளிகிறதோ அங்கே மருந்து செல்ல வேண்டும் என்பதே இவ்வனுபவத்தின் பாடம்.

தேயிலையின் நிலை வேறு. 1861இல் இலங்கையின் காப்பிச் செடிகளில் நீட்னர் விவரித்த செம்பேன் இன்று தேயிலையின் முக்கிய எதிரிகளுள் ஒன்று. இது இலைப்பரப்பிலேயே, அதிலும் பெரும்பாலும் மேற்பரப்பில், வாழ்வதால் சாறு இதனை எளிதில் அடைகிறது. பறித்த தேயிலை கழுவப்படாமல் பதப்படுத்தப்படுவதால் எஞ்சும் நஞ்சு பற்றிய கவலையும் அதிகம். வட வங்காளத்துத் தோட்டங்களில், வேலியோரங்களில் தானே வளரும் கெண்டு என்னும் செடியின் இலையை நீரில் ஊறவைத்து எடுத்த சாறு செம்பேனைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இலைச்சாறு உண்மையாகவே பணி செய்யக்கூடிய இடத்துக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

வெண்டை, கத்தரி, அவரை, ரோஜா ஆகியவற்றின் சிலந்திப்பேன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இலையில் வாழ்கிறது, ஆனால் அடிப்பரப்பில், நூலாம்படையின் காவலில் வாழ்கிறது. ஆதலின் தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்புறம் சொட்டச் சொட்ட நனையுமாறு தெளிக்க வேண்டும். மேற்புறம் மட்டும் நனைந்த செடியில் சாறு பயனளிக்காவிடில் அது சாற்றின் குற்றமன்று.

சாறு தயாரிக்கும் முறை

வேப்பிலைச் சாற்றுக்கு விரிவாக்கப் பணியில் பரவலாக வழங்கும் அளவு, 5 லிட்டர் நீருக்கு 1 கிலோகிராம் பச்சை இலை என்பதாகும். தூசி நீங்க இலையைக் கழுவி, காம்பு நீக்கி, இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்ட வேண்டும். சரிவர வடிகட்டாவிடில் தெளிப்பானின் கண் அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு 2 கிராம் அளவில் சாதாரணச் சலவைச் சோப்பைத் தனியே கரைத்துச் சேர்த்தால் சாறு இலையில் ஒட்டிப் பரவும்.

வேம்பின் கசப்புப் பொருள்கள் வெயிலில் விரைவில் சிதைவன. ஆகவே சாற்றை அன்றே தயாரித்து, வெயில் தாழ்ந்த மாலைப் பொழுதில் அன்றே தெளித்துவிட வேண்டும். நாட்கணக்கில் வைத்திருந்த சாறு புளித்து, ஆற்றல் இழக்கும். முட்டைகளைச் சாறு அதிகம் தாக்குவதில்லை. அவை சில நாட்களில் பொரித்துவிடும். எனவே 5 முதல் 7 நாட்கள் கழித்து இரண்டாம் முறையும், தேவையாயின் மூன்றாம் முறையும் தெளிப்பது இன்றியமையாதது. ஒருமுறை தெளித்து நிறுத்துவது முயற்சியை வீணாக்குவதாகும்.

ஓர் எக்டேர் பயிருக்குத் தெளிக்க ஏறத்தாழ 80 கிலோகிராம் இலை தேவைப்படும். அதாவது ஏக்கருக்கு 32 கிலோகிராம். மூன்று முறை தெளிப்பதாயின் இலை பறிக்கவும் அரைக்கவும் ஆகும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதனாலேயே இலைச்சாறு நாற்றங்கால்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் சிறு பாத்திகளுக்கும் ஏற்றது என்று கருதப்படுகிறது. பரந்த வயல்களுக்கு 100 லிட்டர் நீருக்கு 5 கிலோகிராம் வேப்பங்கொட்டைப் பருப்பைக் கொண்டு தயாரிக்கும் 5 சதவிகிதச் சாறே சிக்கனமானது. இருபது தொட்டிகள் உள்ள பள்ளித் தோட்டத்துக்கோ 400 கிராம் இலையும் 2 லிட்டர் நீரும் போதும்.

எண்ணிப் பார்த்தல்

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். இலைச்சாறு தெளித்தபின் பேன்கள் குறைந்தால், குறைத்தது எது? சாற்றின் கசப்பாக இருக்கலாம். அதில் சேர்த்த சோப்பாகவும் இருக்கலாம், ஏனெனில் சோப்பு நீர் மென்மையான உடலுடைய பேன்களைத் தாக்கவல்லது. தெளித்த நீரின் வேகம் அவற்றைக் கழுவித் தள்ளியிருக்கலாம். இடையில் மழை பெய்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்த்தலாகும்.

ஒரே வயதுடைய, ஏறத்தாழ ஒரே அளவு பேனுள்ள செடிகளை மூன்று பிரிவாக்க வேண்டும். முதற்பிரிவுக்கு வெறும் நீர், இரண்டாவதற்குச் சோப்பு நீர், மூன்றாவதற்குச் சோப்பு சேர்ந்த இலைச்சாறு. சோப்பின் அளவு பின்னிரண்டு பிரிவிலும், தெளிக்கும் நேரமும் நனைக்கும் அளவும் மூன்றிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஐந்து செடிகள், செடிக்கு மேல், நடு, கீழ் என மூன்று இலைகள். தெளிப்பதற்கு முன்னும், தெளித்த 3ஆம் நாளும், 7ஆம் நாளும், இலையைப் பறிக்காமல் கைலென்சால் அடிப்புறத்தில் உள்ள பேன்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். தொடக்கத்தில் மூன்று பிரிவிலும் இலைக்கு 20 பேன்கள் இருந்தன எனக் கொள்வோம். 7ஆம் நாள் நீர்ப் பிரிவில் 24, சோப்புப் பிரிவில் 16, சாற்றுப் பிரிவில் 8 எனக் கொள்வோம். சாற்றுப் பிரிவை நீர்ப் பிரிவோடு மட்டும் ஒப்பிட்டால், பேன்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன என்று சாற்றையே புகழ்வோம். சோப்புப் பிரிவும் இருந்தமையால், அக்குறைவில் பாதி சோப்பினால் வந்தது, மறு பாதியே இலையினால் வந்தது என்று அறிகிறோம். நீர்ப் பிரிவும் இல்லாதிருந்தால், சாறு தெளிக்காத செடியில் பேன் 20லிருந்து 24 ஆகியிருக்கும் என்பதையும் அறிந்திரோம். மூன்று வாளி நீரும் ஒரு கைலென்சும் கொண்டு பெறும் இவ்வறிவு, ஊர் முழுவதும் கேட்டுப் பெறும் அபிப்பிராயத்தினும் உறுதியானது.

இம்முறை நொச்சி, ஆடாதோடை, புங்கு, உண்ணிச்செடி முதலிய வேறு இலைகளைச் சோதிக்கவும் பொருந்தும். ஓர் ஊரில் பயனளித்த இலை மற்றோர் ஊரில் பயனளிக்காதிருக்கலாம். மண், பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்ப இலையின் கூறுகள் மாறுபடுவதே இதற்குக் காரணம். ஆகவே பிற ஊரின் முடிவை அப்படியே எடுத்துரைப்பதை விட, தம் ஊரில் எண்ணிப் பார்த்துச் சொல்வதே ஊழியருக்கு அழகு.

எச்சரிக்கைகள்

தாவரத்திலிருந்து கிடைப்பது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. ஊமத்தை, அரளி, எருக்கு, புகையிலை ஆகியவை கடும் நஞ்சுடையன. புகையிலைக் கஷாயத்தின் நிகோட்டின் தோல் வழியாகவும் உடலிற் புகும். புகையிலையில் உள்ள வைரசு நோய் தக்காளி, மிளகாய் ஆகிய உறவுச் செடிகளுக்குப் பரவவும் கூடும். பள்ளிகளில் இவற்றைக் கையாளவே கூடாது. வேப்பிலைச் சாறு தெளிப்பவரும் முகத்தைத் துணியால் மூடி, காற்றின் திசைக்கு எதிராக நில்லாது தெளித்து, பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தெளித்த செடியின் காயை நன்கு கழுவியே சமைக்க வேண்டும்.

புதிய சாறு எதுவாயினும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்து, இரு நாட்கள் கழித்துக் கருகல் உண்டா என்று பார்த்த பின்னரே செடி முழுவதற்கும் தெளிக்க வேண்டும். பேனுக்குப் பழைய மருந்தாகிய கந்தகத்தைத் தெளித்த செடிக்கு, சில வாரங்கள் செல்லும் வரை வேப்பெண்ணெய் தெளிக்கலாகாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். செடியின் பெரும்பகுதி செம்பழுப்பாகி, நூலாம்படை நுனி வரை படர்ந்துவிட்ட நிலையில் இலைச்சாறு காலம் கடந்த முயற்சியாகும். அந்நிலையில் மிகவும் தாக்கப்பட்ட இலைகளை அகற்றி அழிப்பதும், வேளாண்மைத் துறையினரின் ஆலோசனைப்படி தகுந்த பேன்கொல்லியை அளவறிந்து பயன்படுத்துவதுமே வழி. அதனை ஒளிக்காமல் விவசாயிக்குச் சொல்வதும் ஊழியரின் கடமையே.

பள்ளியில் செய்யத்தக்கது

நகரத்துப் பள்ளிக்கு நிலம் இல்லையே என்பது ஒரு தடையாகாது. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில், முன்னாளில் நகரின் குப்பை கொட்டப்பட்ட ஏறத்தாழ 37 ஏக்கர் நிலம் மரங்கள் நடப்பெற்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாறியது. 1994இல் அது திறக்கப்பட்டது. குப்பைமேடு காடாக மாறிய அவ்விடத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று, தாவரங்களை இனங்காணவும், இலையின் அடிப்புறத்தை லென்சு கொண்டு நோக்கவும் பழக்கலாம். ஒரே இலையில் தின்னும் பேனும் தின்னப்படும் பேனும் வாழ்வதைக் கண்ட மாணவன், எல்லாச் சிற்றுயிரும் பகை என்று எண்ணமாட்டான்.

பள்ளியின் மாடியில் பதினைந்து டப்பாக்களில் அவரை விதைத்தால் மேற்கூறிய மூன்று பிரிவுச் சோதனைக்கு அது போதும். நவம்பரில் விதைத்தால் ஆண்டுத் தேர்வுக்கு முன் முடிவு கிடைத்துவிடும். சோதனைக்கான வேப்பிலையைச் சாலை மரங்களிலிருந்து ஒடிக்கக் கூடாது. மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975 முதல் உள்ளது. கிளை தறிக்கப்படும்போது கேட்டுப் பெறுவதே முறை. எண்ணும் பொறுப்பை மாணவரிடமே விட வேண்டும். ஒரே இலையை இரு மாணவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடச் செய்தால் எண்ணிக்கையின் பிழை எவ்வளவு என்பதும் விளங்கும். எதிர்பார்த்த முடிவு வாராவிட்டாலும் வந்த எண்ணையே எழுத வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் முதற் பாடம்.

வேப்பிலை நம் நாட்டுக்குப் புதிதன்று. அம்மை கண்ட வீட்டு வாசலிலும், தானியக் குதிரிலும் அதற்கு நெடுங்காலமாக இடமுண்டு. அந்த நம்பிக்கையைப் பயிர்ப் பாதுகாப்பில் பயன்படுத்துவது நன்றே. ஆயினும் நம்பிக்கையோடு நிறையும் நாளும் எண்ணிக்கையும் சேர வேண்டும். எந்த இலை, எவ்வளவு நீர், எத்தனை நாள், எத்தனை பேன் என்னும் நான்கு குறிப்புகள் ஒவ்வொரு ஊழியரின் நாட்குறிப்பிலும், ஒவ்வொரு பள்ளித் தோட்டத்தின் ஏட்டிலும் இடம்பெறுமாயின், இலைச்சாறு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது ஊர்தோறும் தெளிவாகிவிடும். அத்தெளிவு, உழவனுக்கு வீண் செலவையும், உண்பவருக்கு வீண் நஞ்சையும் ஒருங்கே குறைக்கும்.